ஆணி அடித்த டயர்

ஓவுலு, பின்லாந்து
டிசம்பர் 28

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். போனில் பேசினால் அம்மா பக்கத்திலேயே இருப்பார். அதனால் இதை எழுதி அனுப்புகிறேன்.

போன மாதம் பழைய கிராவல் பைக் ஒன்று வாங்கினேன். ரேஸ் சைக்கிள் மாதிரி வளைந்த ஹேண்டில்பார், டயர் மட்டும் தடிமன். மண்பாதைக்கென்று செய்த வண்டி. குளிர்காலத்துக்கு அதற்கு மாட்டும் டயரைப் பார்த்தால் சிரிப்பீர்கள். ஒரு டயரில் 240 ஆணி! நம் சைக்கிள் கடைக்கு ஆணி குத்தி வந்தால் பஞ்சர். இங்கே காசு கொடுத்து ஆணியோடு வாங்குகிறோம். டங்ஸ்டன் கார்பைடு முனை, பனிக்கட்டியைக் கடித்துப் பிடிக்கும். தார் ரோட்டில் போனால் வறுகடலை பொரிகிற சத்தம்.

இந்த ஊரில் குளிர்காலத்திலும் பலர் சைக்கிளை மூலையில் சாத்துவதில்லை. பிள்ளைகள் இருட்டில் லைட் போட்டுக்கொண்டு பள்ளிக்கு மிதிக்கிறார்கள். குளிர்கால சைக்கிளுக்கென்று நடக்கும் உலக மாநாட்டை 2013-இல் முதன்முதலாக நடத்தியதே இந்த ஊர்தான்.

சனிக்கிழமை, கிழக்கே சாங்கின்யோகி காட்டுப் பக்கம் போனேன். மைனஸ் 18. சூரியன் பத்தரைக்கு வந்து இரண்டே காலுக்குள் போய்விடும், அதுவும் மரத்துக்கு மேலே ஏறாது. நடப்பவர்கள் மிதித்து இறுகிய ஒற்றையடிப் பாதை. பனிச்சறுக்குக்காக இயந்திரம் வைத்துச் சமன்செய்த தடத்தில் மட்டும் சக்கரம் வைக்கக் கூடாது. அதைக் கெடுத்தால் இந்த அமைதியான மனிதர்களுக்கும் கோபம் வரும். குளிரில் டயர் காற்று இறங்கும் என்று நீங்கள் சொன்னது சரிதான். வீட்டுக்குள் 35 பவுண்டு அடித்தால் வெளியே 28-க்கு இறங்கிவிடுகிறது. பனியில் அதுதான் நல்லது, டயர் பரந்து உட்காருகிறது.

திரும்பும்போதுதான் வினை. மிதிக்கிறேன், பெடல் சும்மா சுற்றுகிறது. செயின் ஓடுகிறது, சக்கரம் அசையவில்லை. அந்த வேகத்தில் சரிந்து விழுந்தேன். (அடி ஒன்றுமில்லை, முழங்கையில் கொஞ்சம் சிராய்ப்பு. அம்மாவிடம் வேண்டாம்.) பின்சக்கரத்தில் செயின் ஓடும் ஃப்ரீவீலுக்குள் கிரீஸ் மெழுகாக இறுகி, உள்ளே இருக்கும் பல் பிடிக்கவில்லை என்று உடனே தெரிந்தது. உங்கள் கடையில் உட்கார்ந்த விடுமுறைகள் வீண் போகவில்லை, சரிதானே?

இருட்டத் தொடங்கிவிட்டது. தள்ளிக்கொண்டே போனதில் ஒரு லாவு வந்தது. மூன்று பக்கம் அடைத்து முன்பக்கம் திறந்த மரக் கொட்டகை, எதிரே நெருப்பு மூட்ட இடம். ஒரு பெரியவர் குச்சியில் சாசேஜ் குத்திச் சுட்டுக்கொண்டிருந்தார். என் பின்சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. நகர்ந்து உட்கார்ந்து நெருப்பைக் காட்டினார். டயர் கருகாத தூரத்தில் சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்பை மட்டும் காட்டிக் கால் மணி நேரம் வைத்திருந்தேன். 'டிக் டிக்' என்று சத்தம் திரும்ப வந்ததும் அவரே தலையாட்டினார். பாதி சாசேஜ் எனக்கு. நாங்கள் பேசியது மொத்தம் இரண்டு வார்த்தை, அதில் ஒன்று நன்றி.

வீட்டுக்கு வந்து ஹப்பைக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, கிரீஸுக்குப் பதிலாகத் தையல் மிஷின் எண்ணெய் நாலு சொட்டு விட்டிருக்கிறேன். பேரிங்கில் பழைய கிரீஸ் அப்படியே இருக்கிறது. அதையும் மாற்ற வேண்டுமா? அடுத்த சனிக்கிழமைக்குள் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் செல்வி