குடத்திலிருந்து வில்லுக்கு

அன்புள்ள மருமகனுக்கு,

அம்பாசமுத்திரத்திலிருந்து அத்தை எழுதுகிறேன். நீ போனில் சொன்னது இன்னும் மனதை விட்டு அகலவில்லை. ஐந்து வருடமாக நீ எழுதிக்கொடுக்கும் நகைச்சுவை நிகழ்ச்சியில் முன்னால் நின்று பேசியவர் விலகிவிட்டார். அந்த இடத்துக்கு உன்னையே கேட்கிறார்கள். நீ முடியாது என்று சொல்லிவிடப் போகிறாய். "எழுதுகிறவனுக்குக் கேமராவுக்குப் பின்னால்தான் இடம் அத்தை. நான் போய் நின்றால் ஜனங்கள் அவரையே தேடுவார்கள்" என்றாய். அப்போது எனக்குப் பதில் வரவில்லை. இப்போது வந்திருக்கிறது. உன்னைப் போலவே தயங்கி நிற்கும் வேறு பிள்ளைகளுக்கும் உதவட்டும் என்றுதான் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

2020 ஊரடங்கில் நீ இங்கே மாட்டிக்கொண்ட நாட்கள் நினைவிருக்கிறதா? ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் முற்றத்தில் பாய் விரித்து, அரிசி டின் மேல் லேப்டாப்பை வைத்து, ஓர் அமெரிக்க நிகழ்ச்சியைக் காட்டினாய். 'மிஸ்டரி சயன்ஸ் தியேட்டர் 3000'. விண்வெளிக் கலத்தில் சிறைப்பட்ட ஒருவன், அவனுக்குத் துணையாகப் பொம்மை ரோபோக்கள். பைத்தியக்கார விஞ்ஞானி ஒருவர் அனுப்பும் மோசமான படங்களை அவர்கள் உட்கார்ந்து பார்த்தே தீர வேண்டும். திரையின் அடியில் நாற்காலி வரிசையும் மூன்று தலைகளும் கறுப்பு நிழலாகத் தெரியும். படம் ஓட ஓட அந்த மூவரும் அதற்குப் பதில் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். நீ நிறுத்தி நிறுத்தி எனக்குத் தமிழில் சொன்னாய். டெக்சாஸில் ஓர் உர வியாபாரி 1966இல் எடுத்த 'மேனோஸ்' என்ற படம் வந்த அன்று, அதில் ஒரு கார் எங்கும் போய்ச் சேராமல் போய்க்கொண்டே இருந்ததைப் பார்த்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

நான் அவ்வளவு சிரித்ததற்கு நகைச்சுவை மட்டும் காரணமில்லை. அந்த மூன்று தலைகளின் குரல் எனக்கு நன்றாகப் பழகிய குரல். வில்லுப்பாட்டில் குடத்தின் பக்கம் உட்கார்ந்திருக்கும் உன் தாத்தாவின் குரல் அது.

நீ அவரைப் பார்த்ததில்லை. நடுவில் அண்ணாவி வீசுகோலால் வில்லை அடித்துக் கதை சொல்வார். பக்கத்தில் உடுக்கை, ஜால்ரா, கட்டை. வில்லின் நடுப்பகுதியைத் தன் கழுத்தோடு கட்டித் தாங்கிக்கொண்டு மண்குடம் உட்கார்ந்திருக்கும். தாத்தா ஒரு கையில் மட்டையால் செய்த பத்தியை வைத்துக் குடத்தின் வாயில் அடிப்பார். மறு கையில் இருக்கும் நாணயம் குடத்தின் வயிற்றைத் தட்டும். கை இரண்டும் ஓயாது, வாயும் ஓயாது. அண்ணாவி ஒரு வரி சொன்னால் இவர் "ஆமாம்" போடுவார். ஐந்தாவது "ஆமாம்" வரவேண்டிய இடத்தில் "அப்படியா? யார் பார்த்தது?" என்று கேட்பார். கூட்டம் குலுங்கும். தூக்கக் கண்ணோடு இருந்த பிள்ளைகள் எழுந்து உட்காரும். கேட்டுக்கொண்டிருப்பவர்கள் மனதில் இருக்கும் கேள்வியை அவர்களுக்கு அரை நொடி முன்னால் கேட்பதுதான் அவருடைய வித்தை. நீ எழுதுவதும் அதைத்தான்.

இப்போது அந்த அமெரிக்க நிகழ்ச்சியில் எழுதிக்கொண்டிருந்த மைக் நெல்சன் முன்னால் வந்த வழியைப் பார். இதையெல்லாம் எனக்குச் சொன்னவனே நீதான், உனக்கு மறந்துவிட்டது. ஜோயல் ஹாட்ஜ்சன் என்பவர் 1988 நவம்பர் 24 அன்று மினியாபோலிஸ் நகரத்தின் ஒரு சின்ன உள்ளூர்த் தொலைக்காட்சியில் அதைத் தொடங்கினார். நடிப்பும் அவரே, ரோபோக்களைச் செய்ததும் அவரே. அந்த முதல் காலத்தில் நகைச்சுவை பெரும்பாலும் படம் ஓடும்போதே வாயில் வந்ததுதான். அடுத்த வருடம் நாடு முழுவதும் தெரியும் கேபிள் சேனலுக்குப் போனார்கள். அதன் பிறகு எழுத்து வந்தது. எல்லோரும் ஓர் அறையில் உட்கார்ந்து படத்தைச் சில நொடிக்கு ஒருமுறை நிறுத்தி, தோன்றியதைச் சொல்ல, ஒருவர் தட்டச்சு செய்ய வேண்டும். அதற்கு வந்த பையன்தான் நெல்சன். உணவகத்தில் பரிமாறிக்கொண்டே மேடையில் நகைச்சுவை பேசிக்கொண்டிருந்தவன். தட்டச்சு செய்ய வந்தவனின் சொந்த வரிகள் மற்றவர்களுடையதைவிடக் கூடுதலாகச் சிரிக்க வைத்தன. தலைமை எழுத்தாளரானான். நடுநடுவே சின்ன வேடங்களும் போட்டான். 'மேனோஸ்' படத்தில் முட்டி வீங்கி நொண்டி வரும் டார்கோவாக அவன் வந்து நின்றதை நீ நான்கு முறை திருப்பிப் போட்டாய்.

1993இல் ஜோயல் விலகினார். நாற்காலி காலியானது. அதில் நெல்சன் உட்கார்ந்தான்.

ரசிகர்களுக்குள் அன்று ஆரம்பித்த சண்டை இன்னும் ஓயவில்லை, ஜோயலா மைக்கா என்று. நிகழ்ச்சி அதனால் சாகவில்லை. ஒளிபரப்புக்குக் கொடுக்கும் பெரிய விருதான பீபாடியும் அந்த வருடத்துக்கு அதற்குக் கிடைத்தது. ஏன் சாகவில்லை? ஜோயலிடம் இருந்த அரைத்தூக்க நிதானத்தை நெல்சன் எடுத்துப் போட்டுக்கொள்ளவில்லை. ஜோயலுக்கு அந்த ரோபோக்கள் பிள்ளைகள், நெல்சனுக்கு அவை கூடப் பிறந்தவை. உறவு மாறியது, எழுதும் மேசை மாறவில்லை. நேற்றுவரை யாருடைய வாயில் தன் வரிகளை வைத்தானோ, அதே மேசையிலிருந்து இன்று தன் வாய்க்கு எழுதினான். ஜனங்கள் தேடியது முகத்தை என்று நீ நினைக்கிறாய். முகத்தைத் தேடியவர்களும் உண்டு, சில நாள் தேடினார்கள். அவர்கள் உண்மையில் பழகியிருந்தது அந்தப் பேச்சின் புத்திக்கு.

உன் தாத்தா கதைக்கு வருகிறேன். எனக்குப் பதினோரு வயது. தாமிரபரணிக் கரையில் ஒரு கோயில் கொடைத் திருவிழா, முத்துப்பட்டன் கதை. காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் செருப்பைக் காணிக்கையாகக் கட்டுகிறார்களே, அந்தப் பட்டவராயன் கதைதான். நடுச்சாமம் தாண்டிவிட்டது. பொம்மக்காவையும் திம்மக்காவையும் எனக்குக் கட்டிக்கொடு என்று பிராமணனான பட்டன், அவர்கள் அப்பா, செருப்புத் தைக்கும் வாலப்பகடை முன்னால் வந்து நிற்கும் இடம். அண்ணாவிக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. சுக்குத் தண்ணீர் கொடுத்தார்கள், பனங்கற்கண்டு கொடுத்தார்கள், காற்றுதான் வந்தது. அவர் வீசுகோலை உன் தாத்தாவின் மடியில் வைத்தார். தாத்தா அதைத் தொடவே இல்லை, கொஞ்ச நேரம். பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் அவர் கை நடுங்கியதை நான் பார்த்தேன். பின்வரிசையிலிருந்து ஒரு கிழவி, "குடக்காரன் கதை சொல்வானா?" என்று உரக்கக் கேட்டாள்.

தாத்தா எழுந்து நடுவில் வந்தார். அண்ணாவி போல் குரலை உயர்த்தவில்லை. வாலப்பகடையாக மாறி அந்தக் கிழவியைப் பார்த்தே கேட்டார்: "ஆத்தா, நீயும் பெண்ணைப் பெற்றவள். பூணூல் போட்ட ஒருவன் வந்து என் மகள்களைக் கேட்கிறான். நம்பலாமா?" கிழவி, "நம்பாதே" என்றாள். இந்தப் பக்கத்திலிருந்து ஒருவர், "குடுமியை அறுத்துவிட்டு வரச்சொல்" என்றார். கதையில் வாலப்பகடை கேட்பதும் அதுதான். பட்டன் குடுமியை அறுத்தான், பூணூலை அறுத்தான், செருப்புத் தைக்கக் கற்றுக்கொண்டான். ஒவ்வொன்றையும் தாத்தா கூட்டத்திடம் கேட்டுக் கேட்டே சொன்னார். குடத்தின் பக்கம் உட்கார்ந்து பழகிய வழக்கம் அது. நடுவில் வந்த பிறகும் அதை அவர் விடவில்லை. காலியான குடத்துக்கு யார் போனார் தெரியுமா? அந்த அண்ணாவியே. குரல் இல்லாமல் பத்தியைப் பிடித்து விடியும்வரை அடித்தார். பட்டன் மாடு காக்கப்போய்ச் செத்தபோது அந்தக் கிழவி அழுததை நான் என் கண்ணால் பார்த்தேன்.

நம் சத்திரம் புதுக்குளத்தில் பிறந்த சுப்பு ஆறுமுகமும் கலைவாணருக்கு நகைச்சுவை எழுதிக்கொடுத்தவர்தான். அவரே வில்லுக்கு நடுவில் உட்கார்ந்து, வானொலியும் தொலைக்காட்சியும் கடந்து, 2021இல் பத்மஸ்ரீ வாங்கினார். எழுதுகிறவனுக்குப் பின்னால்தான் இடம் என்று இந்த மண்ணில் யாரும் உனக்குச் சொல்லித்தரவில்லை.

நெல்சனுக்கும் எல்லாம் நேராகப் போய்விடவில்லை. 1996இல் அந்தச் சேனல் நிகழ்ச்சியைக் கைவிட்டது. ரசிகர்கள் கடிதம் எழுதிப் போராடினார்கள். 1997இல் வேறொரு சேனல் எடுத்துக்கொண்டது, 1999இல் அதுவும் நின்றது. ஆரம்ப வருடங்களில் நிகழ்ச்சியின் முடிவிலேயே, வீடியோ கேசட்டுகளைக் கைமாற்றிக் கொடுங்கள் என்று எழுத்துப் போடுவார்கள். ஆசிரியர்களுக்கும் நன்றி சொல்லி ஒரு வரி வரும். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் நின்ற எனக்கு அந்த ஒரு வரிக்காகவே அவர்களைப் பிடித்துப்போயிற்று. 2006இல் நெல்சன் 'ரிஃப்ட்ராக்ஸ்' தொடங்கினார். ஆரம்பத்தில் படம் கிடையாது, அவர்கள் பேசும் ஒலி மட்டும். வாங்குகிறவர் தன் வீட்டில் படத்தைப் போட்டுக்கொண்டு இதையும் கூடவே ஓடவிட வேண்டும். பழைய கூட்டாளிகள் கெவின் மர்ஃபியும் பில் கார்பெட்டும் உடன் இருக்கிறார்கள். சேனல் போனாலும், கலம் போனாலும், ரோபோ போனாலும் அந்த மேசை போகவில்லை பார்.

ஆகையால் ஒப்புக்கொள். ஒப்புக்கொள்ளும் முன் ஒன்றை மட்டும் கேட்டு வாங்கிவிடு. எழுதும் மேசையிலிருந்து உன்னை எழுப்பக் கூடாது, உன்னோடு எழுதும் அந்த நான்கு பிள்ளைகளையும் மாற்றக் கூடாது. முதல் நாளே விலகியவரைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல், சுருக்கமாக. அவர் நிற்பது போல் நிற்காதே. நீ வீட்டில் பேசுவது போலவே பேசு. சந்தேகம் கேட்கும்போது உன் இடது புருவம் ஏறும், தாத்தாவுக்கும் ஏறும். மேக்கப் போடுகிறவர்கள் அதைச் சரிசெய்துவிடாமல் பார்த்துக்கொள்.

தாத்தாவின் பத்தி பரணில் இருந்தது, நேற்று இறக்கினேன். ஓரம் பிய்ந்திருக்கிறது, கைப்பிடி அப்படியே இருக்கிறது. உன் அப்பா அடுத்த வாரம் சென்னை வரும்போது கொடுத்துவிடுகிறேன். ஒளிபரப்பு என்றைக்கு என்று தேதி சொல். தெருவில் எல்லோரையும் முற்றத்துக்கு வரச்சொல்ல வேண்டும், பாய் போதாது, பக்கத்து வீட்டில் கேட்டு வைக்க வேண்டும்.

அன்புடன்,
உன் அத்தை