ஒரு மழைக்காலம் பொறுத்துக்கொள், மீனா

மதுரை
ஆடி 20

அன்பு மகள் மீனாவுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் சொன்னபடி ஞாயிற்றுக்கிழமை திருமங்கலம் போய், நீங்கள் வாங்க நினைக்கும் அந்த வீட்டைப் பார்த்துவிட்டு வந்தேன். நமக்குப் பழக்கமான கொத்தனாரையும் கூட்டிப் போயிருந்தேன். காற்றும் வெளிச்சமும் நிறைந்த வீடு. நீ ஆசைப்பட்டதில் தப்பே இல்லை. ஆனால் முன்பணம் மட்டும் இப்போது கொடுத்துவிடாதே, தாயி.

கூடத்தில் தலைமுடி கனத்தில் ஓடும் கீறல்கள் வெறும் பூச்சு வெடிப்புதான். பின்கட்டு அறைதான் என் தூக்கத்தைக் கெடுக்கிறது. ஜன்னல் மூலையில் தொடங்கி, செங்கல் வரிசையை ஒட்டிப் படிப்படியாகச் சாய்வாக ஏறுகிறது ஒரு விரிசல். கீழே நூலளவு, மேலே என் பெட்டிச் சாவியின் முனை உள்ளே நுழைந்தது. வெளிச்சுவரிலும் அதே இடத்தில் அதே கோடு. அங்கே சிமெண்ட் அடைத்துப் புது வர்ணம் பூசியிருக்கிறார்கள். அடைத்த இடமே மறுபடி வாய் பிளந்திருக்கிறது. அந்த அறைக் கதவும் நிலையில் இடித்துப் பாதியில் நின்றுவிடுகிறது.

அப்பத்தாவின் புஞ்சை நினைவிருக்கிறதா? சித்திரை வெயிலில் பாளம் பாளமாக வெடித்த நிலத்துக்குள் முழங்கை வரை கையை விட்டுப் பார்ப்பாயே, அதே கரிசல்தான் இந்த வீட்டின் அடியிலும். மழையில் ஊதும், கோடையில் சுருங்கும். இந்த மண்ணில் பொறியாளர்கள் மூன்று மீட்டருக்கும் கீழே துளையிட்டு, அடியில் குமிழ் வைத்த பைல், அதாவது மண்ணுக்குள் நிற்கும் கான்கிரீட் தூண், இறக்குவார்கள். இங்கே நாலடி தோண்டிக் கல் கட்டியதாக வீட்டுக்காரரே சொன்னார்.

சமையலறைக் கழிவுநீர் அந்த மூலையில்தான் ஊறுகிறது; எட்டடி தள்ளி, மண்ணின் ஈரத்தை வேரால் உறிஞ்சிக்கொண்டு ஒரு வேம்பும் நிற்கிறது. கோளாறு அந்தக் குழாயோடு முடிந்தால் சரிசெய்துவிடலாம். மூலையே இறங்கிக்கொண்டிருந்தால் எத்தனை முறை பூசினாலும் நிற்காது. வங்கியிலிருந்து வந்து பார்த்துவிட்டார்கள் என்கிறாய். அவர்கள் கடனுக்கு விலை மதிப்புப் போட வந்தவர்கள். அஸ்திவாரத்தைத் தோண்டிப் பார்க்கவில்லை.

வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்டு, விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை ஒட்டித் தேதி எழுதி வைத்திருக்கிறேன். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். ஐப்பசி, கார்த்திகை மழை முடியட்டும். அதற்குள் கட்டடப் பொறியாளர் ஒருவரை வைத்து அந்த மூலையில் குழி எடுத்துப் பார்க்கலாம், செலவு என்னுடையது.

வேறொருவர் வெள்ளிக்கிழமை பணத்தோடு வருகிறாராம். வரட்டும். நீங்கள் பத்து வருடம் சேர்த்த பணத்தை அந்த அவசரத்துக்காகக் கொடுக்க என் மனம் ஒப்பவில்லை.

மாப்பிள்ளையிடம் இதைப் படித்துக் காட்டு. மாதம் ஒரு தடவை பஸ் ஏறிப் போய்க் கண்ணாடியைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

அன்புடன்,
அப்பா