ஐம்பது மணி நேர வகுப்பை முதலில் சொல்லாதீர்கள்

பெங்களூரு தமிழ் அமைப்புகளில் வேலை வழிகாட்டல் நடத்தும் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். 50 மணி நேர வகுப்பு முடித்தால் சொத்து மதிப்பீட்டாளர் ஆகிவிடலாம் என்ற பேச்சை நம்பி, டிப்ளமோ முடித்த பிள்ளைகளும் பணம் கட்டுகிறார்கள். கம்பெனிச் சட்டத்தின் கீழ் வந்த 2017 பதிவு மதிப்பீட்டாளர் விதிகளின்படி நிலம், கட்டடப் பிரிவில் மதிப்பீட்டாளராகப் பதிவு பெற சிவில், ஆர்க்கிடெக்சர் அல்லது நகரமைப்பில் பட்டமும் அதன்பின் 5 ஆண்டு அனுபவமும் வேண்டும். முதுகலை என்றால் 3 ஆண்டு. வகுப்பு அதற்குப் பிறகுதான். தேர்வில் 60 சதவீதம் எடுக்க வேண்டும், தப்பான விடைக்குக் கால் பங்கு மதிப்பெண் போகும். பதிவு வந்தாலும் வங்கிப் பேனலுக்கு, அதாவது வங்கி வேலை கொடுக்கும் மதிப்பீட்டாளர் பட்டியலுக்கு, தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

டிப்ளமோக்காரர்களுக்கு இதில் வேலையே இல்லை என்று அர்த்தமில்லை. மதிப்பீட்டாளர்களிடம் சைட் பார்க்கும் ஆளாகச் சேரலாம். அங்கே தடுக்கி விழுவது கன்னடத்தில்! ஈசியும் (வில்லங்கச் சான்று) காத்தாவும் (சொத்து வரிக் கணக்குப் பதிவு) பெரும்பாலும் கன்னடத்தில்தான் இருக்கும், பல கிரயப் பத்திரங்களும் அப்படித்தான். பத்திரத்தில் நான்கு பக்க எல்லையைச் சொல்லும் சக்குபந்தியைப் படிக்கத் தெரியாதவர், உரிமையாளர் கைகாட்டும் மனையையே அளந்துவிட்டு வருவார். காலி லேஅவுட்டில் அது பக்கத்து மனையாகவும் இருக்கலாம். பத்திரத்தில் 30க்கு 40 அடி என்றிருக்கும், டேப்பில் அந்த 40 அடிப் பக்கம் 39 அடிதான் வரும். அறிக்கையில் இரண்டையும் எழுதி, குறைந்ததை எடுக்க வேண்டும். பிளானில் இரண்டு மாடி, நேரில் நான்கு என்றால் மேலே உள்ளதைத் தனியாகக் காட்டாத அறிக்கை திரும்பி வரும்.

கணக்கில் அடிக்கடி நடக்கும் பிசகு ஒன்று. 1,200 சதுர அடிக் கட்டடம், அடிக்கு 2,000 ரூபாய் என்றால் 24 லட்சம். வயது 20, ஆயுள் 60, இறுதியில் மிஞ்சுவது 10 சதவீதம் என்று வைத்தால் தேய்மானம் மீதி 90 சதவீதத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 30 சதவீதம், 16.8 லட்சம் நிற்கும். இதோடு நில மதிப்பைக் கூட்டணும். அக்கம்பக்கத்தில் கட்டடத்தோடு சேர்த்து விற்ற விலையை நில விலையாகப் போட்டால் கட்டடம் இரண்டு முறை ஏறிவிடும். அரசு வழிகாட்டி மதிப்பையே சந்தை விலை என்று எழுதுவதும் தப்பு.

ஆகவே அடுத்த கூட்டத்தில் முதலில் தகுதியைச் சொல்லுங்கள். கன்னடப் பத்திரம் படிக்க நான்கு ஞாயிறு வகுப்பு வையுங்கள், பழைய பத்திர நகல்களோடு நாங்கள் வருகிறோம். அல்சூரில் யாராவது வீட்டுக்காரர் சம்மதித்தால் அங்கேயே டேப் பிடித்தும் காட்டுகிறோம்.

இப்படிக்கு,
பெங்களூரில் மதிப்பீட்டுத் தொழில் செய்யும் தமிழர்கள் சிலர்