ஆளுக்கொரு கடை வேண்டுமா?

ஈசூன், சிங்கப்பூர்

அன்புள்ள முருகு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி பிறந்த செய்தி கேட்டு வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். மன்னார்குடியில் மழை விட்டதா?

மங்கையின் மகளிர் குழுவுக்கு வங்கிக் கடன் வந்துவிட்டது, ஆளுக்கொரு கடை போட்டால் கஷ்டம் தீரும் என்று எழுதியிருந்தாய். குழுக்களைக் குறை சொல்ல மாட்டேன். 1989இல் தர்மபுரியில் தொடங்கியது இவ்வளவு தூரம் வந்ததே பெரிய விஷயம். ஆளுக்கொரு கடை என்பதுதான் எனக்கு இடிக்கிறது. தெரு முழுக்க முறுக்குச் சுட்டால் வாங்குவது யார்?

இங்கே வறுமையை முதலில் குறைத்தது சம்பளம். 1961இல் தொழிற்சாலைகளைக் கொண்டுவரப் பொருளியல் வளர்ச்சிக் கழகம் வந்தது. ஜூரோங் சதுப்பைத் தூர்த்துத் தொழிற்பேட்டை போட்டார்கள். அப்போதைய நிதி அமைச்சர் கோ கெங் சுவீயின் முட்டாள்தனம் என்று அதைக் கேலி செய்தவர்களும் உண்டு. அறுபதுகளின் கடைசியில் மின்னணுத் தொழிற்சாலைகள் வந்தபோது என் அம்மா வேலைக்குப் போனார். மாதம் பிறந்தால் பணம் என்றான பிறகுதான் மளிகைக் கடையில் எங்கள் பற்றுக் கணக்கு தீர்ந்தது. முதலாளி ஆகும் ஆசையெல்லாம் அம்மாவுக்கு இருந்ததே இல்லை.

தெருவோர வியாபாரிகளையும் கைவிடவில்லை. 1968, 69இல் அவர்களைப் பதிவு செய்து உரிமம் கொடுத்தார்கள். 1971 முதல் 1986 வரை உணவங்காடி நிலையங்களைக் கட்டி அங்கே மாற்றினார்கள். தண்ணீர்க் குழாய், குறைந்த வாடகை, பக்கத்திலேயே வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கட்டிய அடுக்குமாடி வீடுகளில் சாப்பிட ஆள். பழைய இடத்து வாடிக்கையை இழந்து முணுமுணுத்தவர்களும் இருந்தார்கள்தான். ஆனாலும் கடனைவிட நிலையான இடம்தான் அவர்களைத் தூக்கி நிறுத்தியது என்பேன்.

அப்புறம், எதிர்வீட்டு சாந்தா அக்கா வீட்டிலேயே முறுக்கும் அதிரசமும் செய்து விற்கிறார். வெளியாளை வேலைக்கு வைக்கக்கூடாது, பலகை மாட்டக்கூடாது என்ற விதிகளுக்கு உட்பட்டு வீவக வீட்டில் இதற்கு இடமுண்டு. தீபாவளிக்கு முன் கணக்கு நோட்டைக் காட்டினார். மாவு, எண்ணெய், டப்பா, ரப்பர் பேண்டு வரை எல்லாம் இருந்தது, அவருடைய கூலியைத் தவிர. அதையும் சேர்த்துப் போட்டால் அதிரசத்தின் அடக்கம் விற்கும் விலையைத் தாண்டிவிட்டது. “அப்ப இத்தனை நாளும் ஓசியிலயா பாகு காய்ச்சினேன்?” என்று சிரித்தார். இப்போது முறுக்கு மட்டும்தான், அதுவும் விலையை ஏற்றி.

மங்கையிடம் சொல், பணத்தைப் பங்கு போடும் முன் யாருக்கு விற்க வரும், யாருக்குச் சம்பளம் போதும் என்று உட்கார்ந்து பேசட்டும். விற்கத் தெரிந்த இரண்டு பேர் கடையை நடத்தி, மற்றவர்களுக்கு மாதாமாதம் கூலி கொடுத்தால் ஆகாதா? பேருந்து நிலையத்தில் நகராட்சிக் கடை ஏதாவது ஏலத்துக்கு வருகிறதா என்று நீயும் விசாரித்து வை. தையில் வரும்போது மங்கையின் கணக்கு நோட்டையும் பார்க்கிறேன்.

அன்புடன்,
கணேசன்