அமெரிக்க ரெசிடென்சி: முதலாண்டு இடம் எந்த வகை?

ஆசிரியருக்கு வணக்கம்.

கும்பகோணத்தைச் சேர்ந்த நான் மிச்சிகனில் இன்டர்னல் மெடிசின் மருத்துவர். போன மார்ச்சில், ரெசிடென்சி எனப்படும் அமெரிக்க மருத்துவ மேற்பயிற்சிக்கு விண்ணப்பித்திருந்த என் கல்லூரி ஜூனியர் ஒருவர், "அண்ணா, சர்ஜரி கிடைச்சிடுச்சு!" என்று அழைத்தார். ஊரில் வீட்டார் இனிப்பே கொடுத்து முடித்திருந்தார்கள். "கேட்டகரிக்கலா, பிரிலிமினரியா?" என்று கேட்டேன். பிரிலிமினரி. அதாவது, ஓராண்டுக்கு மட்டும்.

கேட்டகரிக்கல் என்றால் முழுப் பயிற்சிக்கும் இடம் உறுதி: இன்டர்னல் மெடிசினுக்கு 3 ஆண்டு, ஜெனரல் சர்ஜரிக்கு 5. பிரிலிமினரியில் அந்த உறுதி கிடையாது. ரேடியாலஜி, டெர்மட்டாலஜி போன்ற துறைகளில் பெரும்பாலான இடங்கள் 'அட்வான்ஸ்டு' வகை. இரண்டாம் ஆண்டில்தான் தொடங்கும். அந்த இடத்தைக் கையில் வைத்திருப்பவருக்கு முதலாண்டைக் கழிக்க பிரிலிமினரியோ, பல துறைகளில் சுற்றி வரும் டிரான்சிஷனலோ (நம் ஹவுஸ் சர்ஜன் ஆண்டைப் போல) போதும். அடுத்த இடம் இல்லாதவருக்கு ஜூன் மாதத்தோடு வேலை முடிந்துவிடும். புது ஒப்பந்தம் இல்லாமல், வெளிநாட்டு மருத்துவர்கள் பயிற்சிக்காகப் பெறும் ஜே-1 விசாவும் நீளாது. மேட்ச் (விண்ணப்பதாரர், மருத்துவமனை இரு தரப்பின் விருப்பப் பட்டியல்களையும் பொருத்தி இடம் ஒதுக்கும் முறை) வாரத்தில் நிரம்பாமல் மிஞ்சும் இடங்களில் பிரிலிமினரி சர்ஜரி ஆண்டுதோறும் கணிசமாக இருப்பது இதனால்தான். ஏமாற்றத்தில் இருக்கும் நம் பிள்ளைகள் அவசரத்தில் ஒப்புக்கொள்வதும் அவற்றைத்தான்.

அட்வான்ஸ்டு இடம் கேட்பவர்கள் முதலாண்டுக்கெனத் துணை விருப்பப் பட்டியல் ஒன்றையும் சேர்த்துத் தர வேண்டும். அதைத் தராவிட்டால் இரண்டாம் ஆண்டுக்கு இடம் இருக்கும், முதலாம் ஆண்டுக்கு இருக்காது. மேட்ச் முடிந்த பிறகு தனியாக அலைய வேண்டும்.

வகையைக் கண்டுபிடிப்பது கடினமில்லை. மேட்ச் பட்டியலில் ஒவ்வொரு இடத்தின் குறியீட்டிலும் ஓர் எழுத்து உண்டு: கேட்டகரிக்கலுக்கு 'சி', பிரிலிமினரிக்கும் டிரான்சிஷனலுக்கும் 'பி', அட்வான்ஸ்டுக்கு 'ஏ'. ஏற்கெனவே பயிற்சி பெற்ற மருத்துவர்களுக்கு மட்டுமான இடம் 'ஆர்'. லட்சக்கணக்கில் கட்டணம் வாங்கும் ஆலோசனை மையங்களில் சில இதைக்கூடச் சொல்லித் தருவதில்லை என்பது எனக்கு மிகுந்த வருத்தம்.

பிரிலிமினரியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்த ஓராண்டில் நன்றாக உழைத்து, நல்ல பரிந்துரைக் கடிதங்களோடு கேட்டகரிக்கல் இடம் பிடித்தவர்களும் உண்டு. தெரிந்து எடுக்க வேண்டும், அவ்வளவுதான். விண்ணப்பங்கள் போகும் செப்டம்பருக்கு முன்பே உங்கள் கல்விப் பக்கத்தில் இவ்வகைகளை விளக்கி ஒரு கட்டுரை வெளியிடுங்கள். நேர்காணலுக்குப் போகும் பிள்ளைகளும் தயங்காமல், "கடந்த ஆண்டுகளில் இங்கே பிரிலிமினரி முடித்தவர்கள் இப்போது எங்கே பயிற்சியில் இருக்கிறார்கள்?" என்று கேட்கட்டும்.

இப்படிக்கு,
கும்பகோணத்து மருத்துவர், மிச்சிகன்