மரப்பு விடும் ராத்திரி

பாளையங்கோட்டை
ஞாயிற்றுக்கிழமை

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வெள்ளிக்கிழமையே வந்துவிட்டது. ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டார்கள் என்றதும் நிம்மதியாக இருந்தது. எட்டு மாதமாக அந்தக் கையை வைத்துக்கொண்டு நீ பட்ட பாடு எனக்குத் தெரியும். ஆனால் கடைசியில், "மூணு பிள்ளை பெத்தவ, தோள் வலி என்னை என்ன செய்யும், மாத்திரை எல்லாம் அதிகம் போடப் போறதில்லை" என்று எழுதியிருக்கிறாயே, அதைப் படித்ததிலிருந்து மனசு கேட்கவில்லை. நானும் நாலு மாதத்துக்கு முன்னால் இதே வார்த்தையைத்தான் சொன்னேன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

எனக்கும் உனக்கும் ஒரே ஆபரேஷன்தான். தோளில் கிழிந்த தசைநாரைச் சின்னத் துளைகள் வழியாக உள்ளே போய் எலும்போடு சேர்த்துத் தைப்பது. வெளியே பார்த்தால் மூன்று நான்கு சின்னத் தையல்தான் தெரியும். அதைப் பார்த்து 'இவ்வளவுதானா' என்று நினைத்துவிடாதே. உள்ளே நடந்திருப்பது பெரிய வேலை.

மயக்கத்தோடு கழுத்துப் பக்கத்தில் ஓர் ஊசி போட்டுக் கையை மரக்க வைப்பார்கள். அந்தப் பக்கத்துக் கண் இமை கொஞ்சம் தொங்கலாம், குரல் கம்மலாம். பயப்படாதே, மரப்பு விட்டதும் அதுவும் போய்விடும். மூச்சு வாங்கினால் மட்டும் உடனே நர்ஸிடம் சொல். எனக்குச் சாயங்காலம் ஆபரேஷன். மறுநாள் மத்தியானம் வீட்டுக்கு அனுப்பியபோதும் கை என் கை மாதிரியே இல்லை, மரக்கட்டை மாதிரி கிடந்தது. வலி துளிகூட இல்லை. ரசம் சாதம் சாப்பிட்டேன், போனில் நாலு பேரிடம் பேசினேன். மாத்திரைக் கவரைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு விரல் நுனியெல்லாம் எறும்பு ஊர்வது மாதிரி குறுகுறுத்தது. மருந்து விடுகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். அப்போதே மாத்திரை போட்டிருக்க வேண்டும். நான் போடவில்லை. ஒன்பது மணிக்கு வலி வந்துவிட்டது. படிப்படியாக ஏறவில்லை, மடை திறந்த மாதிரி வந்தது. அப்புறம் போட்ட மாத்திரை வேலை செய்ய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அந்த ஒரு மணி நேரத்தில் என் வீட்டுக்காரர் என் காலடியில் உட்கார்ந்து அழுதே விட்டார். நாற்பது வருஷத்தில் அவர் கண்ணில் தண்ணீரை நான் பார்த்தது இரண்டாவது தடவை.

ஆகவே நான் சொல்லுவது இதுதான். முதல் மூன்று நாள் வலி வந்த பிறகு மாத்திரை தேடாதே. நேரம் வந்தால் போட்டுவிடு, வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும். என் மருமகள் தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் 6, 12, 6, 12 என்று எழுதிப் பக்கத்தில் கோடு போட்டு வைத்தாள். போட்டதும் ஒரு டிக். தூக்கக் கலக்கத்தில் போட்டோமா இல்லையா என்ற குழப்பமே வரவில்லை. எனக்குப் பாராசிட்டமால் 650 மில்லிகிராம் ஆறு மணி நேரத்துக்கு ஒன்று, அதற்கு மேலும் தாங்காவிட்டால் டிரமடால் என்கிற வீரியமான வலி மருந்து கலந்த மாத்திரை. உனக்கு வேறு மாதிரி எழுதலாம், உன் டாக்டர் சொல்லுவதுதான் கணக்கு. ஆனால் ஒன்றைக் கவனி. அந்த டிரமடால் மாத்திரைக்குள்ளேயும் பெரும்பாலும் பாராசிட்டமால் 325 மில்லிகிராம் இருக்கிறது. சளி மாத்திரைகள் பலவற்றிலும் இருக்கிறது. ஒரு நாளைக்கு எல்லாம் சேர்ந்து 4 கிராமைத் தாண்டக் கூடாது, உன்னை மாதிரி ஒல்லியானவர்களுக்கு அதைவிடக் குறைவு, இல்லையென்றால் ஈரலைப் பாதிக்கும். கவரில் இருக்கிற மாத்திரையை எல்லாம் பரப்பி வைத்து, எதில் என்ன இருக்கிறது என்று வீட்டுக்கு வருமுன்பே நர்ஸிடம் கேட்டுவிடு.

உனக்குச் சர்க்கரையும் பிரஷரும் இருக்கிறதே, அதனால் மருந்துக்கடையில் 'வலிக்கு ஒண்ணு குடுங்க' என்று யாரையும் அனுப்பாதே. அங்கே சட்டென்று எடுத்துத் தருகிற மாத்திரைகளில் பல வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும், பிரஷரையும் ஏற்றும்.

மாத்திரை பழகிவிடும் என்று பயப்படுகிறாய். எனக்கு டிரமடால் ஐந்து நாள்தான் தேவைப்பட்டது. அப்புறம் தானாகவே வேண்டாம் என்று ஆகிவிட்டது. அது செய்த தொந்தரவு வேறு: தலைசுற்றலும் மலச்சிக்கலும். முதல் நாளிலிருந்தே தண்ணீரும் கொய்யாப்பழமும் கீரையும் சேர்த்துக்கொள். ராத்திரி பாத்ரூம் போகிற வழியில் விளக்கு எரியட்டும். ஒற்றைக் கையோடு தலைசுற்றி விழுந்தால் தைத்தது போய்விடும்.

தூக்கம்தான் பெரிய பாடு. நீட்டிப் படுத்தால் தோள் இழுக்கும். எல்லாரும் சாய்வு நாற்காலி என்பார்கள். துணி நாற்காலியில் உட்காரலாம், ஒரு கையை ஊன்றி எழுந்திருக்க முடியாது. நான் கட்டிலைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, மூன்று தலையணையை அடுக்கிச் சாய்ந்து தூங்கினேன். முழங்கைக்குப் பின்னால் இன்னொரு சின்னத் தலையணை. இந்தக் கடைசித் தலையணையை மறக்காதே. முழங்கை உடம்புக்குப் பின்னால் சரிந்தால்தான் அந்தச் சுள்ளென்ற வலி வரும். அதை வைத்த அன்றைக்குத்தான் தொடர்ந்து நாலு மணி நேரம் தூங்கினேன்.

ஐஸ் வைக்கச் சொல்லுவார்கள். பிளாஸ்டிக் கவரில் ஐஸ் போட்டு, மெல்லிய துண்டில் சுற்றி, கால் மணி நேரம் போதும். கட்டு நனையக் கூடாது. கை மரத்திருக்கும்போது ரொம்பக் கவனம், குளிரில் தோல் புண்ணானாலும் உனக்குத் தெரியாது. பக்கத்து வீட்டு அக்கா அன்போடு தைலம் கொண்டு வருவாள், ஒத்தடம் கொடுக்கிறேன், நீவி விடுகிறேன் என்பாள். வாங்கி அலமாரியில் வைத்துவிடு. தைத்த இடத்தில் யாரும் கை வைக்கக் கூடாது.

கையைத் தாங்குகிற பெல்ட் எனக்கு ஆறு வாரம். கழுத்துப் பட்டை அறுத்து, தோளைவிடக் கழுத்து அதிகம் வலித்தது. கைக்குட்டையை மடித்து அடியில் வைத்தபிறகுதான் தேவலை. விரலை அடிக்கடி மூடித் திறந்துகொண்டே இரு, இல்லாவிட்டால் கை வீங்கும். புடவை, ரவிக்கை நினைப்பே வேண்டாம். முன்பக்கம் முழுக்கத் திறக்கிற நைட்டி நாலு தைத்து வை. போடும்போது ஆபரேஷன் கை முதலில், கழற்றும்போது அது கடைசியில்.

பிசியோ என்கிற தோள் பயிற்சி ஆரம்பித்ததும்தான் வலியை அடக்குவதன் அருமை தெரியும். முதலில், நல்ல கையால் மேஜையைப் பிடித்துக் குனிந்து, அந்தக் கையைக் கிணற்றுக் கயிற்றில் தொங்குகிற வாளி மாதிரி சும்மா ஆடவிட வேண்டும். டாக்டர் சொன்ன பிறகுதான், அவர் சொன்ன அளவுதான். வலிக்குப் பயந்து ஆட்டாமலே வைத்திருந்தால் தோள் இறுகிப்போகும், சர்க்கரை உள்ளவர்களுக்கு இன்னும் சீக்கிரம். பிசியோவுக்கு முக்கால் மணி நேரம் முன்னால் ஒரு மாத்திரை போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டுக்கொள். எனக்கு அனுமதித்தார்கள், அதனால்தான் ஒருநாளும் விடாமல் செய்ய முடிந்தது.

காய்ச்சல், தையலில் நீர் கசிவது, கெண்டைக்கால் வீக்கம், நாளுக்கு நாள் கூடுகிற வலி, இதில் எது வந்தாலும் காலையில் பார்க்கலாம் என்று இருக்காதே.

உனக்கு என் அம்மாவை நினைவிருக்கிறதா? நம் பின்னலை அவள்தான் போட்டுவிடுவாள், இழுத்த இழுப்பில் கண்ணில் நீர் வரும். கடைசி இரண்டு வருஷம் அவள் கையைத் தலைக்குத் தூக்கவே இல்லை. கொண்டை போய், கூந்தலை வெறுமனே முடிந்துகொண்டிருந்தாள். வலிக்கிறது என்று ஒரு நாளும் சொல்லவில்லை. நாங்கள் யாரும் ஏன் என்று கேட்கவும் இல்லை. என் கையைத் தூக்க முடியாமல், மருமகள் எனக்குத் தலை வாரிய முதல் நாள்தான் எனக்கு அது உறைத்தது. அன்றைக்கு முழுக்க அம்மாவையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

நீ சொல்லிவிடு. வலித்தால் உன் வீட்டுக்காரரிடம் சொல், மகளிடம் சொல், பாதி ராத்திரி என்றாலும் எழுப்பு.

ஆபரேஷன் புதன்கிழமை என்று எழுதியிருக்கிறாய். செவ்வாய்க்கிழமை காலையில் மதுரை வழியாகத் திண்டுக்கல் வந்துவிடுகிறேன், பத்து நாள் இருக்கிற மாதிரி. நைட்டி இரண்டு தைத்து வைத்திருக்கிறேன், சின்னத் தலையணையும் எடுத்து வைத்துவிட்டேன். மரப்பு விடுகிற அந்த ராத்திரி உன் பக்கத்தில் நான் இருப்பேன். விரல் குறுகுறுத்ததும் என்னிடம் சொல், மாத்திரையையும் தண்ணீரையும் கையில் வைத்திருக்கிறேன்.

அண்ணனுக்கு என் வணக்கம். பேரனுக்கு முத்தம்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழி