அயன் வயரை மேலே தூக்கிவிடுங்கள்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

யாழ்ப்பாணம்

அன்பார்ந்த வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

"பெட்டி சூடாகுதில்லை, கொயில் எரிஞ்சு போச்சு போல" என்று சொல்லித்தான் அனேகமான அயன்கள் திருத்த வருகின்றன. திறந்து பார்த்தால் கொயில் நன்றாகவே இருக்கும். பழுது பெரும்பாலும் பெட்டியின் பின்பக்கத்தில், வயர் வெளியே வரும் கழுத்தில் இருக்கும். அந்தக் கழுத்து ஏன் போகிறது, அதை எப்படிக் காப்பாற்றலாம் என்பதைச் சொல்லவே இந்த மடல். செலவு மிகக் குறைவு. சில வீடுகளில் செலவே இராது.

முதலில் கழுத்தைப் பாருங்கள். பிளக்கைக் கழற்றி, பெட்டி ஆறியபின், வயர் வெளியே வருமிடத்திலிருந்து நான்கு விரல் நீளத்துக்குள் வயரை மெல்ல வளையுங்கள். நல்ல வயர் வில்லுப் போல ஒரே சீராக வளைந்து, விட்டதும் நிமிரும். உள்ளே அறுந்த வயர் ஓரிடத்தில் மட்டும் சணல் கயிறு போலத் துவண்டு மடியும். மேலே சுற்றியுள்ள பருத்தி நூல் அந்த இடத்தில் பிசிறடித்து, அதன் கீழே றப்பர் வெடித்துத் தெரியும். பாவிக்கும்போது வயரை அசைத்தால் சிவப்பு லைட் அணைந்து எரிகிறதா? அப்படியானால் அன்றோடு அதைப் பாவிப்பதை நிறுத்துங்கள்.

காரணம் இதுதான். வயருக்குள் மயிரிழை போன்ற செப்புக் கம்பிகள் பல சேர்ந்து ஒரு கட்டாக இருக்கின்றன. நாம் அயன் பண்ணும்போது வயர் மேசையில் கிடந்து பின்னால் இழுபடும். மேசை விளிம்பில் அது சிக்கும் ஒவ்வொரு தடவையும் கழுத்து முறிபட, செப்பிழைகள் ஒவ்வொன்றாக அறும். 1000 வோட் பெட்டி 230 வோல்ற் மின்சாரத்தில் ஏறத்தாழ 4.3 அம்பியர் எடுக்கும். முழுக் கட்டும் சுமக்க வேண்டிய அந்த மின்னோட்டத்தை மிஞ்சிய சில இழைகளே சுமக்கும்போது அந்த இடம் சூடேறும், றப்பர் காய்ந்து வெடிக்கும், கடைசியில் பொறி பறக்கும். பெட்டியின் ஆயுள் இப்படித்தான் முடிகிறது. வயரை இழுபடாமல் வைத்தால் இந்தச் சங்கிலி தொடங்கவே மாட்டாது.

உடுப்புக்கும் இதில் நட்டம் உண்டு. நிலத்தைத் தடவி வந்த வயர் வெள்ளைப் பாடசாலைச் சட்டையில் தூசிக் கோடு போடும். அழுத்தி முடித்த சட்டைக் கையின் மேல் ஏறி மறுபடி சுருக்கும். பிசிறடித்த பருத்தி நூல் கூறைச் சேலையின் சரிகையில் மாட்டினால், இழுபட்ட இழையை மறுபடி உள்ளே தள்ள முடியாது. வயர் சூடான அடித்தட்டில் படுவது இன்னும் மோசம். சூட்டுத் திருகை மூன்று புள்ளியில் வைத்தால் அடித்தட்டு 200 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடேறும். சாதாரண பிளாஸ்ரிக் வயர் 70 பாகைக்குத்தான் செய்யப்பட்டது. அயனுக்குப் பருத்தி நூல் சுற்றிய றப்பர் வயர் போடுவதே இதற்காகத்தான்.

செய்ய வேண்டியது ஒன்றுதான்: வயர் மேலிருந்து இறங்கி, பெட்டியின் குதிப் பக்கமாக வரவேண்டும். வலக்கைக்காரருக்குப் பெட்டியின் மூக்கு இடப்பக்கம் பார்க்கும், குதி வலப்பக்கம் இருக்கும். ஆகவே வயரைத் தாங்கும் இடம் மேசையின் வலப்பக்கப் பின்மூலையில், மேசை மட்டத்திலிருந்து 50 முதல் 60 சென்ரிமீற்றர் உயரத்தில் இருக்கட்டும். இடக்கைக்காரருக்கு இடப்பக்கப் பின்மூலை. இதைவிடத் தாழ்த்தினால் வயர் துணியில் படும். மிக உயர்த்தினால் தூரத்து மூலைக்குப் போகையில் பெட்டியைப் பின்னுக்கு இழுக்கும்.

எங்கள் பக்கத்து வீடுகளில் பலர் சாப்பாட்டு மேசையில் பெட்சீற்றை நாலாக மடித்து விரித்துத்தான் அயன் பண்ணுகிறார்கள். அதில் பிழையில்லை. மேசையை யன்னலோரம் நகர்த்துங்கள். பழைய சைக்கிள் ரியூப்பில் இரண்டு விரல் அகலத்தில், ஓர் அடி நீளத்தில் ஒரு பட்டி வெட்டுங்கள். ஒரு முனையை யன்னல் கம்பியில் சுருக்குப் போட்டுக் கட்டி, மறுமுனையில் ஒரு பிளாஸ்ரிக் திரைச்சீலை வளையத்தைக் கோர்த்து, வளையத்துக்குள் வயரை நுழையுங்கள். பிளக் வளையத்துக்குள் போகாவிட்டால் வளையத்தை ஓரிடத்தில் வெட்டி, வயரை நுழைத்தபின் ரேப் சுற்றினால் போதும். ரியூப் பட்டி ஸ்பிரிங்கின் வேலையைச் செய்யும்: கை தூரப் போகையில் நீளும், திரும்பி வருகையில் தொய்வை மேலே எடுக்கும். வயர் இரும்புக் கம்பியில் நேரடியாகப் படாமல் ஒரு சாணாவது தள்ளித் தொங்க வேண்டும். வயரின் உறை என்றோ ஒருநாள் வெடித்தால், அதைத் தொடும் யன்னல் கம்பியிலும் மின்சாரம் ஏறிவிடும்.

யன்னல் வசதிப்படாவிட்டால் ஓட்டு வீட்டில் கைமரம் இருக்கிறது. ஒரு திருகு கொக்கியை அதில் ஏற்றி, நைலோன் கயிறு இறக்கி, கடைசி ஓரடிக்கு மட்டும் ரியூப் பட்டியைக் கட்டலாம். மின்விசிறி இருக்கும் அறையில் இந்த முறை வேண்டாம். தொய்ந்த கயிறு விசிறி இலையில் சுற்றினால் பெட்டி சூட்டோடு மேலே கிளம்பும்.

அயன் மேசை வைத்திருப்பவர்களுக்கு விளிம்பில் இறுக்கும் கவ்வியோடு கூடிய வயர் தாங்கி உண்டு. அடியில் ஸ்பிரிங், நடுவில் மெல்லிய கம்பி, உச்சியில் பிளாஸ்ரிக் கிளிப். வாங்கும்போது மூன்றைப் பாருங்கள். கவ்வியின் வாய் உங்கள் மேசைக் குழாயின் தடிப்புக்குத் திறக்கிறதா. கிளிப்பின் உள்விளிம்பு விரலில் உராயாமல் வழுவழுப்பாக இருக்கிறதா. ஸ்பிரிங் துருப்பிடிக்காத உருக்கா. குருநகர், பாசையூர், பருத்தித்துறை போன்ற கடற்கரைப் பக்கத்து வீடுகளில் சாதாரண ஸ்பிரிங் உப்புக்காற்றில் சீக்கிரம் துரு கக்கும். அந்தத் துரு வெள்ளை வேட்டியில் விழுந்தால் தோய்த்தாலும் போகாது. இதையே மூங்கில் சிலாகையாலும் செய்யலாம். மேசைக் காலோடு சேர்த்து இரண்டு இடத்தில் இறுக்கிக் கட்டி, நுனியில் மரக் கிளிப்பைக் கட்டுங்கள். மூங்கிலின் வளைவு ஸ்பிரிங்கை விட மென்மையானது என்பது எங்கள் அபிப்பிராயம்.

தாங்கி எதுவாக இருந்தாலும் தொய்வைச் சரியாக விடுவதில்தான் பலர் பிழைவிடுகிறார்கள். பிளக் போடாமல், பெட்டி குளிர்ந்திருக்கும்போதே அளந்து கொள்ளுங்கள். தாங்கியிலிருந்து ஆகத் தூரமான மேசை மூலையில் பெட்டியை வையுங்கள். அங்கிருந்து வயரை மேலே கொண்டுபோய், ஒரு சாண் தொய்வு மிஞ்சும்படி பிடித்து, அந்த இடத்தில் கிளிப் போடுங்கள். இனிப் பெட்டியைத் தாங்கிக்கு மிகக் கிட்டக் கொண்டுவாருங்கள். தொங்கும் வளைவு மேசையில் படுகிறதென்றால் தாங்கியைச் சற்று உயர்த்த வேண்டும்.

அடுத்து விழும் சோதனை. இதைத் தவறவிடாதீர்கள். பெட்டியைக் குதியில் நிமிர்த்தி வைத்துக் கையை எடுங்கள். தூரத்து மூலையில் ஒரு தடவை, கிட்டத்தில் ஒரு தடவை. சற்றேனும் பின்னுக்குச் சரிந்தால் ஸ்பிரிங் அல்லது ரியூப்பின் இழுவை கூடிவிட்டது. பட்டியை நீளமாக்குங்கள், அல்லது அகலத்தை அரைவாசியாக வெட்டுங்கள். நிமிர்த்தி வைத்த சூட்டுப் பெட்டியை வயர் இழுத்து நிலத்தில் போடுவது, தாங்கி இல்லாமல் இருப்பதைவிடக் கெடுதி.

தாங்கியிலிருந்து பிளக் வரை உள்ள வயரையும் கவனியுங்கள். நம் வீடுகளில் பிளக் பேஸ் பெரும்பாலும் சுவிச்சோடு சேர்ந்து நெஞ்சு உயரத்தில் இருக்கும். அது நல்லதுதான்: வயர் ஏற்கெனவே மேலிருந்து வருகிறது, இடையில் ஒரு வளையம் போதும். பேஸ் நிலத்தோரமாக இருந்தால் வயரை மேசைக்காலோடு சேர்த்து இறக்கி, சுவரோரமாகக் கொண்டுபோங்கள். நடக்கும் வழியை வயர் குறுக்கறுக்கக் கூடாது. தவழும் குழந்தை உள்ள வீட்டில் கைக்கெட்டும் உயரத்தில் ஒரு தொங்கலும் இருக்கக் கூடாது. இழுத்தால் பெட்டி குழந்தையின் மேல்தான் விழும்.

பழைய 5 அம்பியர் உருண்டை முனைப் பேஸ்கள் இன்னும் பல வீடுகளில் இருக்கின்றன. 1200 வோட் பெட்டி 5.2 அம்பியர் எடுக்கும். 2400 வோட் நீராவிப் பெட்டி 10 அம்பியரைத் தாண்டும். மல்ரி பிளக் மூலம் இவற்றை அந்தப் பழைய 5 அம்பியர் பேஸில் செருகினால் உருகுவது பேஸ்தான். 13 அம்பியர் சதுர முனைப் பேஸில் நேரே போடுங்கள். எக்ஸ்ரென்ஷன் தவிர்க்க முடியாததென்றால் 1.5 சதுர மில்லிமீற்றர் செப்பு வயர் உள்ளதாக எடுத்து, சுருளை முழுவதும் அவிழ்த்துப் பாவியுங்கள். சுற்றியபடி கிடந்தால் சூடு வெளியேற வழியில்லாமல் சுருளின் உள்ளேயே உருகும். எர்த் இல்லாத இரண்டு முனைப் பிளக்கை, மேல் துளையில் பேனாவைக் குத்தித் திறந்து செருகும் பழக்கம் அயனுக்கு அறவே வேண்டாம். பெட்டியின் உடம்பு உலோகம், அதைப் பிடித்திருப்பது உங்கள் கை.

செய்யக் கூடாதவை இன்னும் சில. வயரை மெல்லிய நைலோன் நூலால் இறுக்கிக் கட்டாதீர்கள், அது உறையை அறுக்கும். காகிதம் பிடிக்கும் இரும்புக் கிளிப்பும் அப்படித்தான். வேலை முடிந்ததும் சூட்டுப் பெட்டியைச் சுற்றி வயரைச் சுற்றாதீர்கள். ஆறியபின், கழுத்திலிருந்து ஒரு சாண் தளர்வாக விட்டு, பெரிய வளையமாகச் சுற்றுங்கள். பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பாவிப்பதால் வயரில் முறுக்கு ஏறும். மாதத்துக்கு ஒரு தடவை, பிளக்கைக் கழற்றிப் பெட்டியை உயரத்தில் பிடித்து, பிளக்கை நிலத்தில் முட்டாமல் தொங்கவிட்டால் முறுக்குத் தானாகவே அவிழும்.

கழுத்து ஏற்கெனவே போயிருந்தால் ரேப் சுற்றிச் சமாளிக்காதீர்கள். அறுந்த இழை ரேப்புக்குள்ளும் சூடாகும். வயரை முழுதாக மாற்ற வேண்டும்: மூன்று கம்பி, பருத்தி நூல் சுற்றியது. 1300 வோட் வரை 0.75 சதுர மில்லிமீற்றர் போதும், 2000 வோட்டுக்கு 1, அதற்கு மேல் 1.5. மண்ணிறம் லைன், நீலம் நியூற்றல், பச்சை மஞ்சள் எர்த். பிளக்கினுள் எர்த் கம்பியை மற்ற இரண்டையும் விடச் சற்று நீளமாக விடவேண்டும். வயர் பிடுங்கப்பட்டாலும் எர்த் கடைசியாகத்தான் கழரும். பிளக்கிலும் பெட்டியிலும் உள்ள பிடி, வெளி உறையைக் கவ்வ வேண்டும், உள்ளே உள்ள நிறக் கம்பிகளை அல்ல. பெட்டிக்குள் கம்பிகளின் மேல் இருக்கும் வெள்ளைக் கண்ணாடியிழைக் குழாயைத் தூக்கி எறியாமல் திரும்பப் போட வேண்டும். இவை தெரிந்த ஒருவரிடம் கொடுப்பதே நல்லது. வேலை முடிந்ததும் பிளக்கின் எர்த் முனைக்கும் அடித்தட்டுக்கும் இடையே மீற்றர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். மின்தடை 1 ஓமுக்குக் குறைவாகக் காட்டாவிட்டால் பெட்டியைத் திரும்ப வாங்காதீர்கள்.

வயர் தாங்கி வாங்க வருபவர்கள் மூன்று அளவு கொண்டுவந்தால் சரியானதை எடுத்துத் தரலாம்: மேசை விளிம்பின் தடிப்பு, பிளக் பேஸ் நிலத்திலிருந்து எவ்வளவு உயரம், பெட்டியின் வயர் நீளம். பெரும்பாலான பெட்டிகளின் வயர் 2 மீற்றருக்குள்தான். பேஸ் எட்டத்தில் இருந்தால் எக்ஸ்ரென்ஷன் வாங்குவதைவிட 3 மீற்றர் வயராக மாற்றுவது மலிவு, பாதுகாப்பும் கூட. நல்லூர்த் திருவிழாவுக்கு முந்திய கிழமையில் திருத்த வேலைகள் குவிந்துவிடும். வேட்டி சேலை எடுத்து வைக்கும் நாட்களுக்கு முன்னரே கழுத்தை ஒருதரம் வளைத்துப் பார்த்துக் கொண்டுவாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மின்சாதனக் கடையினர்